பெர்கன் துறைமுகத்தில் ஒரு பகல்

நார்வே நாட்டுப் பெர்கன் துறைமுகத்தில் நாம் சென்ற கப்பல் ஆறு மணி நேரமே நின்றது. உடன்வந்தோர் பேருந்தில் ஏற, நாம் குடையொன்றைத் துணைக்கொண்டு நடந்தே புறப்பட்டோம். மழைக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

கோட்டையைக் கடந்ததும் பிரிகன் என்னும் பழைய வணிகத்துறை. ஜெர்மானிய ஹான்சா வணிகர் 1360ஆம் ஆண்டளவில் இங்கே நிலைகொண்டு, தானியம் தந்து வடபுலத்து உலர்மீனைப் பெற்றனர். உப்பிடாமல் குளிர்காற்றிலேயே உலர்த்திய கருவாடு! நெருங்கி நின்ற மரவீடுகளில் தீக்கு அஞ்சி அடுப்பை விலக்கியிருந்தனர். ஆயினும் 1702இல் பெரும்பகுதி எரிந்தது. பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினர்.

1955இல் மற்றுமொரு தீ. அவ்விடத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்டவையே அருங்காட்சியகத்தில் நம்மை நெடுநேரம் நிறுத்தின. ரூன் என்னும் பண்டைய எழுத்துகளைக் கத்தியால் கீறிய மரச்சில்லுகள் அவை. பெர்கனில் கிடைத்த இத்தகைய பொறிப்புகள் ஏறத்தாழ 670. கற்களில் மாண்டோர் புகழைத் தாங்கிய அவ்வெழுத்து, இங்கே சரக்கில் கட்டிய உரிமையாளர் பெயராகவும் காதல் மொழியாகவும் விளங்குகிறது. கொடுமணல் பானையோடுகளில் தம் பெயரைக் கீறிவைத்த நம்மவரை நினைந்தோம். மன்னர்தம் மெய்க்கீர்த்திகளினும் இத்தகைய கீறல்களே நமக்கு நெருக்கமானவை.

மலையுச்சிக்கு 1918 முதல் செல்லும் இழுவை ரயிலைக் காணாது திரும்பினீரே என உடன்பயணிகள் இரங்கினர். நமக்குக் குறையொன்றுமில்லை. ஒரு சில்லில், ஒருவனை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் ஒரு பெண். அதன் மறுபுறத்திலும் ஏதோ கீறப்பட்டுள்ளது. அதன் பொருள் தெளிவாகவில்லை.