ஓலையும் முகிலும்

பொருநையாறு பாயும் நெல்லை நாட்டில் கவிராயர் குடிகள் தலைமுறை தலைமுறையாக ஓலைச்சுவடிகளைப் போற்றி வந்தன. பத்துப்பாட்டை அச்சிற் கொணரும் வேட்கையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நாட்டிற்குச் சென்றார். திருநெல்வேலியில் வழக்கறிஞர் ஒருவர் வீட்டில் ஏடுகள் உண்டு எனக் கேள்வியுற்று அங்கே போனார். வண்டிக் கணக்கில் இருந்த சுவடிகள் இற்று ஒடிந்து இடத்தை அடைத்தமையால், ஆடிப் பதினெட்டன்று தேர்போலக் கட்டி அவற்றை வாய்க்காலில் விட்டுவிட்டதாக அவர் கூறினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுத் தொகுதி நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித் தீக்கு இரையாகியிருந்தது. இவற்றைச் செய்தோர் பகைவர் அல்லர். பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் எறிதல் தகாது என்று அஞ்சிய நல்லவர்களே!

ஆழ்வார்திருநகரியில் நிகழ்ந்தது வேறு. அங்கு இலட்சுமண கவிராயர் வீட்டு ஏடுகளைப் புரட்டியும் பத்துப்பாட்டு அகப்படவில்லை. பின்னர்க் கவிராயரின் உறவினர் இல்லத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. நிலவொளியில் அதனைப் பிரித்த ஐயரின் கண்ணில் முல்லைப்பாட்டு தென்பட்டது. 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறியது. ஒரு வீட்டில் இல்லாத ஏடு மற்றொரு வீட்டில் இருந்தமையால் வந்த பேறு அது.

இக்காலத்தில் ஓலைகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகின்றனர். இருநூறு ஓலைகள் கொண்ட ஒரு சுவடிக்கு, இருபுறமும் சேர நானூறு படங்கள் வேண்டும். படம் ஒன்று 50 மெகாபைட்டு எனக் கொண்டால், அச்சுவடி 20 ஜிகாபைட்டு இடத்தைப் பிடிக்கும். கையளவுப் பெட்டகத்தில் அதனை அடக்கிவிடலாம். ஆயினும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பொருநையில் பெருகிய வெள்ளம் இருகரை ஊர்களிலும் புகுந்தபோது, வீட்டிலிருந்த தாளுக்கும் கணினிக்கும் அது வேற்றுமை காட்டவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது.

இத்தகைய இடருக்கு அஞ்சியே கோப்புகளை 'முகிலில்' வைக்கின்றனர். முகில் என்பது வானத்தில் இல்லை. மும்பை, சென்னை, ஐதராபாத்து முதலிய நகரங்களில் எந்நேரமும் குளிரூட்டப்படும் பெரிய கட்டடங்களில் அடுக்கிய கணினிகளே அது. பெரிய கோப்பு துண்டு துண்டாகப் பிரிந்து இணையவழியே அங்குச் செல்லும். இடையில் தொடர்பு அறுந்தால், எஞ்சிய துண்டுகளை மட்டும் மீண்டும் அனுப்பலாம்.

முகிலும் தீக்கு விலக்கன்று. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரில், அரசின் கணினி நிலையத்தில் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் சேமித்திருந்த 858 டெராபைட்டு அளவிலான கோப்புகள் அழிந்தன. வேறிடத்தில் அவற்றுக்குப் படி இல்லை. தொகுதி மிகப் பெரியது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். கரிவலம்வந்தநல்லூர் நினைவுக்கு வரவில்லையா?

மற்றொரு மயக்கமும் உண்டு. கணினியையும் முகிலையும் இணைத்து வைத்தோர், இரண்டு படிகள் உள்ளன என நம்புகின்றனர். அவ்விணைப்பில் கை தவறி இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். சில நாள் வரை மீட்க முடிவதும் நிறுவனத்தின் விதியைப் பொறுத்ததே. ஆகவே, அறிந்தோர் இணைப்பில் சேராத தனிப்படி ஒன்றை வேறோர் ஊரில் வைப்பர்.

பிறர் படிக்கலாகாத கோப்பை, அனுப்புமுன்பே மறையெழுத்தாக மாற்றுவதும் வழக்கம். அதனைத் திறக்கும் திறவுசொல் உரியவரிடம் மட்டுமே இருக்கும். அச்சொல்லை அவர் மறந்தால், முகிலைக் காக்கும் நிறுவனத்தாராலும் கோப்பைத் திறக்க முடியாது. அதனால், அச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பாரும் உளர்.