உப்பளத்திலிருந்து ஒரு கடிதம்

மரக்காணம்,
சனிக்கிழமை.

அன்புள்ள இளங்கோ,

பிள்ளைகளுக்கு மாலிப் பேரரசைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். உப்பிலிருந்து ஆரம்பி. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பளத்து வரப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலை பத்து மணிக்கே கண் கூசுகிறது. இரண்டு பெண்கள் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்பால் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம் அது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் கரையில் கிடப்பதைப் பார்த்து, ஒட்டகங்கள் தூங்குவது போல என்கிறார் நல்லூர் நத்தத்தனார். இந்தக் கரைக் கவிஞருக்கு ஒட்டகம் எப்படித் தெரிந்ததோ! ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் கதையே ஒட்டகத்தின் முதுகில் ஏறி வந்த உப்பின் கதைதான்.

அங்கே தெற்கே பொன் இருந்தது, உப்பு அரிது. உப்பு சகாராவின் நடுவே, தகாசா சுரங்கத்தில், பாளம் பாளமாகக் கிடந்தது. இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்தவன் அரசனானான். பழைய கானா நாட்டு அரசன் உள்ளே வரும் கழுதைச் சுமை உப்புக்கு ஒரு பொன் தீனார், வெளியே போவதற்கு இரண்டு தீனார் வாங்கினான் என்று 1068-இல் எழுதினார் அல்-பக்ரி. ஸ்பெயினை விட்டு நகராமல், வணிகர்களிடம் கேட்டுக் கேட்டே எழுதிய மனிதர். சுரங்கத்தையும் வயலையும்விட வழியே பெரிய சொத்து என்பதைக் கானா கண்டுபிடித்தது. பிறகு மாலி அதே வழியைப் பிடித்தது. 1324-இல் மாலி மன்னன் மன்சா மூசா மெக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த பொன்னால், அந்த ஊரில் பொன்னின் விலையே சரிந்தது.

பிள்ளைகளுக்கு இதையும் சொல். 1340-களில் நம் சோழமண்டலக் கரையில் இறங்கி மதுரை சுல்தானின் விருந்தாளியாக இருந்த பயணி இப்னு பதூதாதான் 1352-இல் தகாசாவுக்கும் போனார். உப்புப் பாளத்தால் கட்டி ஒட்டகத்தோல் வேய்ந்த வீடுகளையும் பள்ளிவாசலையும் பார்த்தார். உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். ஊரில் ஈக்கள் தொல்லை வேறு. மதுரையைப் பற்றி அவர் எழுதியதில் கழுமரமும் கொள்ளைநோயும் மேலோங்கி நிற்கின்றன. மாலியைப் பற்றி எழுதும்போது, அங்கே அநியாயம் குறைவு, வழிப்போக்கனுக்குத் திருடன் பயமில்லை என்கிறார். ‘இருண்ட கண்டம்’ என்று எழுதிவிட்டுப் போன பாடப்புத்தகக்காரர்கள் இதைப் படித்திருந்தால் நன்றாயிருக்கும்.

வழியால் வந்தது வழியாலேயே போனது. 1482-இல் போர்த்துக்கீசியர் தெற்குக் கடற்கரையில் எல்மினா கோட்டையைக் கட்டியதும் பொன்னில் ஒரு பங்கு கடல் பக்கம் திரும்பிவிட்டது. மாலிக்குப் பின் எழுந்த சோங்காய் அரசுக்கும் மொரோக்கோ சுல்தானுக்கும் தகாசா உப்பு வரியில்தான் தகராறு முற்றியது. 1591-இல் தொந்திபி களத்தில் சோங்காய்ப் படை எதிரியின் மேல் மாட்டு மந்தையை ஓட்டிவிட, துப்பாக்கிச் சத்தத்தில் மிரண்ட மாடுகள் திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன. பேரரசு அதிலிருந்து எழவேயில்லை. தகாசாவைக் கைவிட்டவர்கள் தெற்கே தவுதெனியில் புதிய சுரங்கம் வெட்டினார்கள். அங்கிருந்து திம்புக்துவுக்கு உப்புப் பாளம் போவது நம் காலம் வரைக்கும் நிற்கவில்லை.

நம் பக்கம் நிலைமை வேறு. நல்லியக்கோடன் உப்பை முடக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. அடுத்த கழிமுகத்தில் இன்னொருவன் பாத்தி கட்டியிருப்பான். உப்பு வணிகரான உமணர் வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள். நெல்லுக்கு உப்பு என்பது நம் பண்டமாற்று, பொன்னுக்கு உப்பு என்பது அவர்களுடையது. அதனால்தான் இங்கே உப்பரசு என்று ஒன்று எழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பல்லவர், சோழர், செஞ்சி நாயக்கர், நவாப் என்று ஆள்கிறவர்கள் மாறினார்கள். வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறதே, அதுகூட 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயரிடம் விழுந்து இடிபட்டது. கானா அரசன் அன்று செய்ததை இங்கே செய்தது கிழக்கிந்தியக் கம்பெனிதான்: 1805-இல் சென்னை மாகாண உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பிற்பாடு இதே ஊரில் முடியும் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகளில் உப்பு சென்னைக்குப் போயிற்று.

லாரி வந்துவிட்டது, மூட்டை ஏற்றுகிறார்கள். வரப்பை விட்டு எழுந்திருக்கச் சொல்கிறார்கள். உங்கள் பள்ளி நூலகத்தில் இப்னு பதூதாவின் பயண நூல் இருந்தால், மதுரைப் பகுதியையும் மாலிப் பகுதியையும் ஒரே நாளில் வாசித்துக் காட்டு. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுது.

அன்புடன்,
குமார்