விசில் ஊதுவதற்கு முன்

2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி. ஈட்டி எறிதலும் ஹேமர் எறிதலும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. இரண்டும் வந்து விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். விழுந்த ஈட்டியை எடுத்துக் கொடுக்கத் தொண்டராக நின்றிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் தலையில் மூன்று கிலோ ஹேமர் விழுந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் போராடி, 21ஆம் தேதி அவன் இறந்துபோனான். போட்டியை நடத்திய அலுவலர்கள்மேல் வழக்குப் பதிவானது.

அந்தச் செய்தி வந்த நாட்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் கூடுகிற இடமெல்லாம் கேட்ட கேள்வி, "என்ன செக்‌ஷன்ல போட்டாங்க?" என்பதுதான். எனக்கு மனதில் நின்ற கேள்வி வேறு. காலையில் அந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோதே, "இது ரெண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதுமே? நேரமாகிறது, இருட்டிவிடும், பரிசு கொடுக்கச் சிறப்பு விருந்தினர் வந்துவிடுவார் என்ற அவசரம் எல்லா மைதானத்திலும் உண்டு. குறுவட்டப் போட்டியிலும் உண்டு. அந்த அவசரத்துக்கு நடுவே நின்று மறுத்துச் சொல்வது எங்கள் வேலையின் பாதி என்று நான் நினைக்கிறேன்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவின் கீழ் இது இரண்டு ஆண்டாக இருந்தது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு அப்படி ஏதும் கிடையாது. இதைக் கேள்விப்பட்டதும் குண்டு, வட்டு, ஈட்டி எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் பூட்டிவிட்டு, பிள்ளைகளைக் கேரம் போர்டு முன்னால் உட்காரவைத்துவிட்ட பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அது பாதுகாப்பு ஆகாது. ஓடி ஆட வேண்டிய பிள்ளையின் உரிமையை நம் பயத்துக்காகப் பறிப்பது அது.

106ஐப் பேசுகிறவர்கள் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். சட்டப்படியான ஒரு செயலை, முறையாக, உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யும்போது விபத்து நேர்ந்தால் அது குற்றமில்லை என்கிறது அது. அதற்கு ஓர் உதாரணமும் உண்டு. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருவது. ஒருவன் கைக்கோடரியால் வேலை செய்துகொண்டிருக்கிறான். கோடரியின் தலை கழன்று பறந்துபோய், பக்கத்தில் நிற்கிறவனைக் கொன்றுவிடுகிறது. அவன் எச்சரிக்கையில் குறை வைக்கவில்லை என்றால் அது குற்றமில்லை. ஆகவே விசாரணையில் நம் முன்னால் வரப்போகும் கேள்வி, கழன்றதா இல்லையா என்பது மட்டுமல்ல. ஓங்குவதற்கு முன் அதைப் பார்த்தாயா என்பதும்தான்.

பார்ப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். ஹேமரில் குண்டு, கம்பி, கைப்பிடி என்று மூன்று பாகம். கம்பி நடுவில் அறுவது அபூர்வம். கைப்பிடியில் மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில்தான் மடிந்து மடிந்து நைந்துபோகும். அங்கே விரலை வைத்துத் தடவினாலே சொரசொரப்புத் தெரியும். தெரிந்தால் அந்தக் கம்பி அன்றைக்கு மைதானத்துக்கு வரக் கூடாது. குண்டு கம்பியோடு சேரும் இடத்தில் சுழல வேண்டியது தடையில்லாமல் சுழல்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். வட்டாக இருந்தால் ஓரத்து இரும்பு வளையம் ஆடுகிறதா, மழை ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத் துணியால் துடைத்த பிறகே கையில் கொடுப்பது. வலக்கைக்காரனுக்கு வட்டு முன்னதாகவே நழுவினால் வலப்பக்கம் போகும், இடக்கைக்காரனுக்கு இடப்பக்கம். அதனால் வரிசையில் இடக்கைப் பிள்ளை வந்தால், காத்து நிற்கிறவர்களை நான் இடம் மாற்றி நிறுத்துவேன். எறிந்ததை எடுக்க ஒருவர் ஒருவராக ஓடக் கூடாது. எல்லோரும் எறிந்து முடித்த பிறகு, என் விசிலுக்கு, எல்லோரும் சேர்ந்து நடந்து போக வேண்டும். ஈட்டியை முனை தரையைப் பார்க்கச் செங்குத்தாகப் பிடித்து நடந்தே திரும்ப வேண்டும்.

பல பள்ளிகள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தாளை நம்புகின்றன. 'எது நடந்தாலும் பள்ளியோ ஆசிரியரோ பொறுப்பல்ல' என்று அச்சடித்துப் பெற்றோரிடம் வாங்கும் கையெழுத்து. குற்ற வழக்கை அந்தத் தாள் தடுக்காது. ஆபத்துக்குச் சம்மதித்து விளையாடுவதைப் பற்றி நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு பேசுகிறது. விளையாட்டாக வாள்வீச்சில் இறங்கும் இருவர்தான் அங்கே உதாரணம். ஆனால் அந்தப் பிரிவு கேட்பது பதினெட்டு வயது கடந்தவரின் சம்மதத்தை. நம் பிள்ளைகளோ பதினெட்டுக்குக் கீழே. குற்ற வழக்கோடு முடிவதும் இல்லை, இழப்பீடும் உண்டு. பஞ்சாபில் பதான்கோட்டை அடுத்த ஒரு பள்ளி 1995இல் சுற்றுலா போனபோது, பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து லட்சம் இழப்பீடு. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகள்மேல் காட்ட வேண்டிய கவனம் மிக அதிகம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

அதற்காகப் பெற்றோர் கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். வீசிங் உண்டா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா? வலிப்பு வந்ததுண்டா? நெஞ்சுவலி, மயக்கம் என்று டாக்டரிடம் காட்டியதுண்டா? உடனே எடுக்கக்கூடிய இரண்டு கைபேசி எண்கள் எவை? போட்டி எந்த ஊரில், எந்த வண்டியில், பெண் பிள்ளைகளோடு எந்த ஆசிரியை வருகிறார் என்று நாமும் அதில் எழுதித் தர வேண்டும். "சார், பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அம்மாக்கள் சொல்லும்போது கேட்பது இதைத்தான்.

தலையில் அடிபடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கபடியில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு பேர் பாய்ந்து பிடிக்கும்போது ஒருவன் முழங்கால் இன்னொருவன் நெற்றியில் இடிக்கும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், ஆடுறேன்" என்பான். நான் கேட்பேன்: "இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியாடா? கடைசியா ரெய்டு போனது யாரு? போன மேட்ச் யாரோட ஆடினோம்?" ஒரு பதில் தடுமாறினாலும் அவன் வெளியே. பதில் எல்லாம் சரியாக வந்தும், கண் கூசுகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றாலும் வெளியேதான். அன்றைக்கு மறுபடி இறங்க முடியாது. அது ஃபைனலாக இருந்தாலும் சரி. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அதே நாளில் ஆடவைக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் 108. வீட்டுக்கு அனுப்பினாலும் தனியாக பஸ் ஏற்றிவிடக் கூடாது. அப்பாவிடம் போனில் இந்த அறிகுறிகளைச் சொல்லி, "ராத்திரி பாத்துக்குங்க" என்று சொல்லி, எத்தனை மணிக்குச் சொன்னேன் என்று குறித்துவைப்பேன்.

நமக்குத் தெரியாததைக் கற்றுக்கொடுப்பது இன்னோர் ஆபத்து. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்று மாணவியை இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கவைத்தார்கள். சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்தாள். பயிற்சியாளர் கைதானார், அவர் எங்கள் ஆள் இல்லை என்றது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். சான்றிதழைக் கேட்காமல் யாரையும் மைதானத்துக்குள் விடக் கூடாது, அவர் எவ்வளவு நல்ல பெயர் வாங்கியவராக இருந்தாலும்.

தண்டனையாக ரவுண்டு ஓடவிடும் பழக்கமும் ஒழிய வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது. பயிற்சியில் ஓடி மயங்கினால், வார்ம்-அப் செய்தோம், தண்ணீர் கொடுத்தோம், வெயில் ஏறுமுன் முடித்தோம் என்று சொல்ல இடமுண்டு. ஹோம்வொர்க் எழுதாததற்கு உச்சி வெயிலில் ஓடவிட்ட பிள்ளை மயங்கினால் சொல்வதற்கு எதுவுமே இல்லை.

மைதான நோட்டு ஒன்று எப்போதும் என்னிடம் உண்டு. தேதி, வகுப்பு, என்ன பயிற்சி, நீளம் தாண்டும் குழியைக் கொத்திவிட்டு மணலில் கண்ணாடி, கல் பார்த்தாயிற்றா, யாருக்கு என்ன அடி, எத்தனை மணிக்கு, யார் முதலுதவி செய்தது, யாருக்குச் சொன்னோம். அன்றைக்கே, பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல். பார்த்ததை மட்டுமே எழுதுவேன். 'அவன் சொல் பேச்சு கேட்பதில்லை' போன்ற கருத்தெல்லாம் அதில் வராது.

இளம் ஆசிரியர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோல் கம்பம் ஆடுகிறது என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நகலே, கம்பம் ஆடுவது உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் சாட்சி. எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் அதே கம்பத்தடியில் பிள்ளைகளை ஆடவிட்டால் கடிதம் உங்களையே திருப்பி அடிக்கும். கடிதம் கொடுத்த அன்றே கம்பத்தைச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் சுற்றிக் கயிறு கட்டி அந்தப் பக்கத்தை மூடுங்கள். கொத்தனார் வந்து காரை போட்டு, நீங்கள் கையால் அசைத்துப் பார்க்கும்வரை ஆட்டம் மைதானத்தின் மறுபாதியில், செங்கல்லைக் கோலாக வைத்து நடக்கட்டும்.