சினூக் வீசும் ஊருக்கு ஏற்ற கார்

கனடாவின் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே அமைந்த கால்கரி நகரில் குளிர்காலம் ஒரே சீராக இருப்பதில்லை. மலைச்சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறி வரும் ‘சினூக்’ என்னும் வறண்ட மேற்குக் காற்று, உறைந்து கிடக்கும் தெருக்களைச் சில மணி நேரத்திலேயே ஈரமாக்கிவிடுகிறது. பகலில் உருகிய நீர் இரவில் மீண்டும் உறைந்து, அடியிலுள்ள தாரின் கருமையே தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாகப் படிகிறது; ஓட்டுநர்கள் ‘பிளாக் ஐஸ்’ என்று அஞ்சுவது இதைத்தான்.

இத்தகைய ஊரில் அன்றாடப் பயணத்துக்குக் கார் தேடுவோர் பலர், உயரமும் கனமும் கொண்ட எஸ்யூவியே பாதுகாப்பு என்று கருதுகின்றனர். ஆயினும், எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசெல்லும் அமைப்பு 1972-இல் சுபாரு லியோனி வேகனிலும் 1980-இல் ஆடி குவாட்ரோவிலும் வந்தபோதே, அது தாழ்வான கார்களுக்கும் பொருந்தும் என்பது தெளிவாகிவிட்டது. மேலும், அவ்வமைப்பு வண்டியைப் பனியிலிருந்து கிளப்ப உதவுமேயன்றி நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது, அங்கே கனம் கூடுவது ஓட்டுபவருக்குச் சாதகமும் அன்று.

நிறுத்துவது டயர்தான். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் இளகியே இருப்பதோடு, அதன் ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகள் பனிக்கட்டியைக் கவ்வுகின்றன. மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த முத்திரையைப் பக்கச்சுவரில் பார்த்து வாங்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டாவில் அக்கட்டாயம் இல்லை என்பது வருந்தத்தக்கது.

சினூக் வீசும் நாளில், காய்ந்த சாலையில் இந்த மென்மையான டயர் சற்றே நெளிவதால், ஸ்டீயரிங்கின் கூர்மை மழுங்குவது உண்மையே. அந்தக் குறையை ஈடுசெய்வது காரின் இயல்பான சுறுசுறுப்புதான். ஆகவே, கனம் குறைந்த, தாழ்வான, பின்கதவு முழுதும் திறந்து சாமான் ஏற்ற வசதியுள்ள சுபாரு இம்ப்ரெசா, நான்கு சக்கர விசை கொண்ட மாஸ்டா 3 போன்ற ஹாட்ச்பேக் வண்டிகளே பயனும் ஓட்டும் இன்பமும் ஒருங்கே தருவன. உழுது தள்ளாத ஆழ்பனியில் நாள்தோறும் செல்ல வேண்டிய பண்ணையாளருக்கு மட்டும் உயரமான வண்டி இன்றியமையாதது.

வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும்போது டயரின் காற்றழுத்தமும் 1 பிஎஸ்ஐ அளவு இறங்குவதால், சினூக் ஓய்ந்து குளிர் திரும்பிய மறுநாள் காலையில் அழுத்தத்தைச் சரிபார்ப்பது அவசியம். கார் வாங்க வைத்திருக்கும் தொகையில் நான்கு குளிர்கால டயர்களுக்கும் அவற்றுக்கான தனி ரிம்களுக்கும் ஆகும் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு வண்டியைத் தேடுவதே முறை.