அப்பாவின் பிஸ்கட் டின்னும் என் நீல ஃபைலும்

வருஷா வருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் போட்டோ எடுக்கும் நாள். பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. நானும் என் மனைவி நொய்யும் வாசலில், கதவு எண் தெரிகிற மாதிரி நிற்போம். அப்புறம் ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று. கடைசியாகப் படுக்கையறையில், கட்டில் விளிம்பில், வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி முழங்காலில் கை வைத்துக்கொண்டு ஒன்று. எடுப்பவள் எங்கள் மகள் மலி. பதிமூன்று வயது.

"அப்பா, கொஞ்சம் சிரிங்க. அம்மாகூட சண்டை போட்ட மாதிரியே இருக்கீங்க. கவுன்டர்ல நம்ப மாட்டாங்க."

இந்தப் படங்கள் தாய்லாந்து குடிநுழைவுத் துறைக்கு. தாய்லாந்துக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட வெளிநாட்டவர் அந்த நாட்டில் குடும்பத்தோடு இருக்க வேண்டுமானால், முதலில் 'நான்-இமிகிரண்ட் ஓ' விசா. அதன்மேல் ஒரு வருஷ நீட்டிப்பு. அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் மறுபடி ஒன்று. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும், பிள்ளை எத்தனை வளர்ந்தாலும், நாங்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டிதான் என்று வருஷம் ஒருமுறை காட்ட வேண்டும். முன்பெல்லாம் இந்தப் படங்களை மார்ச் மாதம் எடுப்போம். டிசம்பருக்கு மாறியது என் தவறால்.

நான் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். நொய் பாங்காக். அவள் பெயரைக் கேட்டதும் என் அம்மா, "நொய்யா? கஞ்சி வைக்கிற நொய்யாடா?" என்றார். தாய் மொழியில் 'சின்னவள்' என்று அர்த்தம் என்று சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று விட்டார். மகளுக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பிரச்சினையே வரவில்லை. தாய் மொழியில் மலி என்றால் மல்லிகை.

2008இல் பாங்ராக் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டோம். 'ராக்' என்றால் அவர்கள் மொழியில் காதல், அதனால் காதலர் தினத்தன்று அங்கே கூட்டம் அலைமோதும். நாங்கள் போனது கூட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை என்று மலேசியத் தூதரகக் கடிதம், அதற்குத் தாய் மொழிபெயர்ப்பு, அதன்மேல் வெளியுறவு அமைச்சின் முத்திரை எல்லாம் தயார். ஆனால் பெயரில் மாட்டிக்கொண்டேன். கடப்பிதழில் என் பெயர் 'சரவணன் ஏ/எல் முனியாண்டி'. அதிகாரி அம்மா அதை மூன்று தரம் படித்துவிட்டு, "குடும்பப் பெயர் ஏ/எல்-ஆ?" என்று கேட்டார். அது 'அனாக் லெலாகி', இன்னாருடைய மகன் என்று மலாயில் சொல்வது, எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்கினேன். குடும்பப் பெயர் இல்லாத மனிதனை அவர் பார்த்ததில்லை போல. கடைசியில் முனியாண்டி என் குடும்பப் பெயர் ஆனது. மலி பிறந்தபோது அவளும் முனியாண்டி ஆனாள்.

ஊரில் அப்பாவிடம் சொன்னதும் பதறிவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா என் பேரு? முனியாண்டின்னு கூப்பிட்டா பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டாங்களா?" தாய் பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம்தான், யாரும் சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு, அதனால் 2551 என்றிருந்தது. "நல்லதாப் போச்சு. இன்னும் ஐந்நூத்திச் சொச்சம் வருசத்துக்கு அப்புறம்தான் கல்யாணம். அதுக்குள்ள யோசிச்சு முடிவு பண்ணு."

சரி, தாள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ தாய்லாந்தில் வாழ்க்கைப்படலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டி.எம். 7 என்ற விண்ணப்பம், கட்டணம் 1,900 பாட். கல்யாணப் பத்திரமான கோ ரோ 3, பதிவேட்டின் நகலான கோ ரோ 2. அந்த இரண்டாவதை ஒவ்வொரு தடவையும் மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எடுத்து வரச் சொல்வார்கள், விவாகரத்து நடக்கவில்லை என்று தெரிய வேண்டுமே. மனைவியின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வீட்டுக்கு வழி காட்டும் கையால் வரைந்த வரைபடம், எங்களைத் தெரிந்த ஒரு சாட்சி. எங்களுக்குச் சாட்சி எதிர்வீட்டு இஸ்திரிக் கடை அக்கா. நகல் ஒவ்வொன்றிலும் 'சம்னாவ் தூக் தோங்', அதாவது 'உண்மை நகல்' என்று எழுதி நீல மையில் கையெழுத்து. நொய் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவள், அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். என் தாய் எழுத்தைப் பார்த்து மலி இன்னும் சிரிக்கிறாள்.

பிறகு பணம். தாய் மனைவி உள்ள வெளிநாட்டுக் கணவன், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தாய் வங்கியில் தன் பெயரில் நாலு லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். நான் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவன், சம்பளம் நாற்பதைத் தொடாது. அதனால் வங்கி வழிதான். வெளிநாட்டுப் பெண் தாய்லாந்து ஆணைக் கட்டினால் இந்த நாலு லட்சம் கேட்பதில்லை. ஆம்பளைதான் சோறு போட வேண்டும் என்ற கணக்கு சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சோறு பாதிக்கு மேல் நொய்யின் சம்பளத்தில் வேகிறது, அதைக் காட்ட விண்ணப்பத்தில் இடம் இல்லை.

இது போதாதென்று தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை முகவரி அறிக்கை. அப்புறம் டி.எம். 30. வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நாங்கள் இருக்கும் வீடு மாமியார் பெயரில். மாப்பிள்ளை வந்து தங்கியிருக்கிறார் என்று மாமியார் அரசாங்கத்துக்குச் சொல்கிற நாடு வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தவன் ஒன்றில் கஞ்சத்தனம் பண்ணினேன். அதுதான் மறுநுழைவு அனுமதி. நீட்டிப்பு கையில் இருந்தாலும், அந்த அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் நீட்டிப்பு அந்த நிமிஷமே செத்துப்போகும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. 2019 ஏப்ரலில் நீட்டிப்பு வாங்கியபோது, "இந்த வருஷம் எங்க போகப் போறோம்? அந்தக் காசுக்கு மலிக்கு ஷூ வாங்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் அப்பா ஈப்போவில் மருத்துவமனையில் படுத்தார். நீட்டிப்பு வந்துவிட்டதே என்று வங்கியிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து அனுப்பினேன். ஆகஸ்ட் நடுவில் ஒரு விடிகாலை தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, உடனே வா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இருந்தேன். அங்கேயே மறுநுழைவு அனுமதி எடுக்க ஒரு மேசை உண்டு. கையில் ஆயிரம் பாட்டும் இருந்தது. அந்த மேசையைத் தாண்டித்தான் ஓடியிருப்பேன். கண்ணில் எதுவும் படவில்லை.

அப்பாவை உயிரோடு பார்க்கக் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மா ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்த டின்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதைத் தொட்டால் அடிதான். தாத்தாவோடு ரஜூலா கப்பலில் பினாங்கு வந்தபோது அப்பாவுக்கு ஆறு வயது. சுதந்திரம் வந்த சமயம் குடியுரிமைக்கு யாரும் அவருக்குப் பதிந்து கொடுக்கவில்லை. கடைசி வரைக்கும் அவர் கையில் இருந்தது நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐசிதான். எனக்கு நீல ஐசி, அவருக்குச் சிவப்பு. டின்னுக்குள் அந்த ஐசி, 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு என்று வந்த வேலை அனுமதித் தாள்கள், கட்டணம் கட்டிய ரசீதுகள், கிராணி எழுதிக் கொடுத்த கடிதங்கள், எங்கள் நாலு பேர் பிறப்புப் பத்திரங்கள். ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. பால்மரம் சீவிவிட்டு வந்து, கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, அப்புறம்தான் டின்னைத் திறப்பார். இளவட்டமாக இருந்தபோது, "எதுக்குப்பா இந்தக் குப்பையெல்லாம்?" என்று கேட்டிருக்கிறேன். பதில் சொன்ன ஞாபகம் இல்லை.

செப்டம்பர் முதல் வாரம் பாங்காக் திரும்பினேன். விமான நிலையக் கவுன்டரில் அந்த இளைஞர் கடப்பிதழை முன்னும் பின்னும் புரட்டினார். "ரீ-என்ட்ரி?" என்றார். அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலேசியச் சுற்றுலாப் பயணிக்கு அப்போது கொடுத்துவந்த முப்பது நாள் முத்திரையைக் குத்தினார். என் வீட்டுக்கு, என் பெண்டாட்டி பிள்ளையிடம், சுற்றுலாப் பயணியாகப் போய்ச் சேர்ந்தேன். வேலை அனுமதியும் அதோடு போயிற்று. புதிதாக வாங்கிக் கொண்டு வா, பாடம் காத்திருக்கும் என்றது பயிற்சி மையம்.

முதல் படியிலிருந்து தொடங்கினோம். செப்டம்பர் கடைசியில் பினாங்குக்குப் போய், தாய்லாந்துத் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். என் சொந்த நாட்டில் நின்றுகொண்டு, என் வீட்டுக்குப் போக அனுமதி கேட்கும் வரிசை. தொண்ணூறு நாள் விசா கிடைத்தது. அதன் கடைசி முப்பது நாளுக்குள் நீட்டிப்புக்கு மனுப் போட வேண்டும், மனுப் போடும்போது பணம் இரண்டு மாதம் பழகியிருக்க வேண்டும். அப்படியென்றால் அக்டோபர் நடுவுக்குள் வங்கியில் மறுபடி நாலு லட்சம் நிற்க வேண்டும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் குறைந்தது. சம்பளமும் இல்லை.

நொய் ஒன்றும் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், மத்தியானம் திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு என் அம்மா அவள் கழுத்தில் போட்ட சங்கிலி, அவள் அம்மா கொடுத்த வளையல்கள் எல்லாம் அடகுக் கடையில். மிச்சத்துக்கு அவள் அண்ணன். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "தங்கம் எதுக்கு இருக்கு, இதுக்குத்தானே" என்றாள். இதே வாக்கியத்தை என் அம்மா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன், தமிழில்.

டிசம்பரில் சேங் வத்தனாவில் இருக்கும் அரசாங்க வளாகத்துக்குப் போனோம். ஊர் மாதிரி பெரிய கட்டடம். காலை ஏழு மணிக்கு நம்பர் சீட்டு வாங்கி, சாப்பாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டு, மத்தியானம் மூன்றுக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை தேதி வரைக்கும் பதித்த வங்கிப் புத்தகம், வங்கிக் கடிதம் எல்லாம் சரி. 'பரிசீலனையில்' என்று முப்பது நாள் முத்திரை போட்டு அனுப்பினார்கள். ஜனவரி கடைசியில் போனபோது ஒரு வருஷம் கிடைத்தது. அடுத்த கவுன்டரில் 3,800 பாட் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இரண்டு மாதத்தில் கோவிட் வந்து எல்லைகள் மூடின. ஜனவரியில் ஒரு தாள் குறைந்திருந்தால் நான் எந்தப் பக்கம் மாட்டியிருப்பேன் என்று நினைக்க இன்றைக்கும் கை சில்லிடுகிறது. நகைகளை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்கப்புறம் நான் ஒரு நீல ஃபைல் வைத்திருக்கிறேன். கை கழுவாமல் அதைத் தொட்டால் மலிக்குத் திட்டு விழும். "அப்பாவோட சாமி படம்" என்று அவள் அம்மாவிடம் கிண்டல் பண்ணுவாள்.

போன வருஷம் அவள் எடுத்த ஹால் படத்தில் எங்கள் தலைக்கு மேல் சுவரில் அப்பாவின் மாலை போட்ட படமும் விழுந்துவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மா வாசல், சமையலறை, படுக்கையறை என்று ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு ஹால் படத்தில் நிறுத்தினார்.

"இது யார்?"

"என் அப்பா. முனியாண்டி."

மலியின் பிறப்புப் பத்திர நகலை எடுத்து, குடும்பப் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஓ, இந்த முனியாண்டியா" என்றார் தாய் மொழியில். பிறகு என்னிடம் நீலப் பேனாவை நீட்டினார். ஒரு நகலில் நான் கையெழுத்துப் போட மறந்திருந்தேன்.