தழைக்கார ஆயாவுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆயா,

மயிலாப்பூர் மாட வீதியில் கோணி விரித்து உட்காரும் உங்களிடம் இத்தனை வருஷத்தில் பெயரைக்கூடக் கேட்டதில்லை. "தழைக்கார ஆயா" என்றால் தெருவுக்கே தெரியும்.

நொச்சி எனக்குப் புத்தகத்தில்தான் பழக்கம். மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடும் பூ, புறப்பொருள் வெண்பாமாலையில் தனித் திணை என்று பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். செடியைக் காட்டியிருந்தால் விழித்திருப்பேன். ஓர் ஐப்பசி மழையில் மூக்கடைத்து வந்து நின்றபோது, ஒரு கொத்தைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினீர்கள். மிளகும் கற்பூரமும் கலந்தாற்போல் ஒரு காரம்!

"இலைய உருவாத கண்ணு, குச்சியோட தண்ணியில போடு. செங்கல் துண்ட நெருப்புல பழுக்க வச்சு, அந்தத் தண்ணியில விடு."

அப்படியே செய்தேன். போர்வைக்குள் 'சுர்'ரென்று ஆவி எழுந்தது. அன்றிரவுதான் வாயை மூடித் தூங்கினேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஐந்திலை என்றால் வேலி நொச்சி. மூன்றிலை என்றால் கழியோரத்து மணலில் வளரும் நீர்நொச்சி. ஆடு வாய் வைக்காது, அதனால் வேலிக்கு ஆகும். மிலாறு கூடை முடைய. காய்ந்த இலை அரிசிப் பானைக்கு, தலைபாரம் உள்ளவர் தலையணைக்கு, அந்தியில் புகைமூட்டத்துக்கு. கொசுவை விரட்ட மாநகராட்சி நொச்சிக் கன்று கொடுத்த கதையைச் சொன்னபோது சிரித்தீர்கள்: "செடி நின்னா கொசு ஓடுமா? பொகைச்சாத்தான் ஓடும்." என் அனுபவமும் அதுதான்.

இந்த மடல் அதற்கெல்லாம் அல்ல, ஆயா. என் மனைவி பிள்ளை பெற்று வந்தபோது, குளிக்க வெந்நீரில் போடத் தினமும் ஒரு கட்டு எடுத்து வைத்தீர்கள். "பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கற தழைக்குக் காசு வாங்கமாட்டேன்" என்று என் கையைத் தள்ளிவிட்டீர்கள். பிளாட்பாரத்தில் வெயிலில் காய்ந்து பிழைக்கிற நீங்கள் சொன்ன சொல் அது. அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் கட்டிலிருந்து ஒடித்து ஊன்றிய குச்சி வேர்பிடித்து மாடிப்படி உயரம் வந்துவிட்டது. ஆனாலும் வியாழக்கிழமை வருவேன். இரண்டு கட்டு எடுத்து வையுங்கள். இந்த முறை காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மூக்கடைப்புக்காரன்