ஒரு மணி நேரம் நின்ற மேட்ச்

போன மாசம் அரூர் பக்கம் ஒரு மேட்ச். நான் அடித்த கோலை ஆஃப்சைடு என்று நடுவர் தள்ளிவிட்டார். சத்தியமாக ஆஃப்சைடு இல்லை! கத்தினேன், மஞ்சள் அட்டை வாங்கினேன். அந்தக் கடுப்பில் ஆடி, அடுத்த பத்து நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். தீர்த்தமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் தோழிகள் யாரும் என்னிடம் பேசவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது 2024 அக்டோபர் 27. காத்மாண்டு தசரத் மைதானம், பெண்கள் சாஃப் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் நேபாளமும். நேபாளத்தில் ஏற்கெனவே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயாச்சு. 62வது நிமிஷம் சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்திலிருந்து ஒரு கோல். நம்மவர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே நேபாளம் பந்தை நடுவில் வைத்து, ஓடிப்போய் கோல் போட்டுவிட்டது! பூட்டான் நடுவர் செல்லாது என்றார்.

விதிப்படி, நடுவர் சைகை காட்டாமல் ஆட்டத்தை மறுபடி தொடங்க முடியாது. எல்லாரும் அவரவர் பாதியில் நிற்கவும் வேண்டும். அதனால் செல்லாது என்றது சரிதான் என்பேன் (நேபாள ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்). ஆனால் அதை உடனே, தெளிவாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கியிருக்க வேண்டாமா? ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது.

திரும்ப ஆரம்பித்ததும் என்ன நடந்தது தெரியுமா? பத்துப் பேரோடு ஆடிய நேபாளம், சபித்ரா பண்டாரி மூலம் சமன் செய்தது. பெனால்டியில் 4-2 என்று ஜெயித்து ஃபைனலுக்கும் போனது. தீர்ப்பு நம் பக்கம், ஆள் ஒன்று கூடுதல், கையில் ஒரு கோல்... இருந்தும் தோற்றது நாம்.

நாளைக்கு பிராக்டீஸ். முதலில் எங்க கோல்கீப்பரிடம் ஸாரி கேட்கணும்.